பத்தாவது அட்மிஷன்

வீரம்மாளுக்குக் கையெழுத்துப் போட வராது. அட்மிஷன் ஃபாரத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தைத் தேவயானி மேடம் விரலால் தொட்டுக் காட்டியதும், அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றாள். வாசலில் விதைக்கடலைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"டேய், கலெக்டரம்மா கையெழுத்துப் போடப் போவுது. நல்ல பேனாவா குடுங்கடா" என்றான் அதில் ஒருவன். சிரிப்பு எழுந்தது.

தேவயானி அவன் பக்கம் திரும்பவே இல்லை. பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தாள். வீரம்மாளிடம் நீட்டுவதற்கு முன்னால் தன் கட்டைவிரலை அதில் அழுத்தி, 'விவரம் சேகரித்த ஆசிரியர்' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் தன் ரேகையை வைத்தாள். "எனக்குப் பக்கத்துல உங்களுதும்மா" என்று பெட்டியைக் கொடுத்தாள். வீரம்மாள் நிமிர்ந்து அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ரேகை வைத்தாள். சிரித்தவர்கள் மறுபடி மல்லாட்டைக்குத் திரும்பினார்கள்.

முருகையன் வேன் கதவில் சாய்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாகக் கல்லூரி வேன் ஓட்டுகிறவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எம்.ஃபில் படித்த ஒருத்தி கைநாட்டு வைத்து அவர் பார்த்ததில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் தேவயானி கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பைபாஸை ஒட்டி இருந்தது அந்தத் தனியார் கலைக் கல்லூரி. பேர் இங்கே வேண்டாம். தேவயானி திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு போடுகிற வீட்டுப் பெண். முப்பத்தாறு வயது. ஜாதகம் வாங்கிப் போனவர்கள் எல்லாம் 'பொண்ணு ரொம்பப் படிச்சிட்டுது' என்று திருப்பிக் கொடுத்ததில், கல்யாணப் பேச்சு ஒருநாள் தானாக நின்றுபோயிற்று. பி.பி.ஏ. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மார்க்கெட்டிங் எடுப்பாள். முதல் அத்தியாயம், அடிப்படைக் கருத்துகள். வருஷா வருஷம் அதே அத்தியாயம்தான். ஆனாலும் வேனில் வரும்போது உதட்டை அசைத்து ஒத்திகை பார்ப்பாள். முருகையன் காது கொடுத்தால் அவருக்கும் பாடம் நடக்கும்.

"தாகம் எடுக்குது பாருங்கண்ணே, அது தேவை. கலர் குடிக்கணும்னு தோணுது, அது விருப்பம். பாக்கெட்ல காசும் இருந்து கடையில கை நீட்டுறோம் இல்ல, அதுக்குப் பேரு கிராக்கி."

"மேல்மலையனூர் கோயில் வாசல்ல எலுமிச்சம்பழம் பறக்குதே, அது?"

"அது அமாவாசைக் கிராக்கி" என்று சிரிப்பாள். "இன்னொண்ணு கேளுங்க, பரீட்சையில இதான் கேப்பாங்க. நம்மகிட்ட இருக்கறதை அடுத்தவன் தலையில கட்டுறது செல்லிங். அவனுக்கு இன்னா வேணும்னு மொதல்ல கேட்டு, அப்புறம் அதைச் செஞ்சு குடுக்கறது மார்க்கெட்டிங். ரெண்டும் வேற வேற."

"புள்ளைங்களுக்குப் புரியுதா?"

"ஒருத்தன் எழுதியிருக்கான், மார்க்கெட்டிங்னா சாயங்காலம் பை எடுத்துக்கினு போறதுன்னு. அரை மார்க்கு போட்டேன். பையை மறக்காம எழுதியிருக்கானே, பாவம்."

மே மாசம் வந்தால் இந்தச் சிரிப்பெல்லாம் நின்றுவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே ஆசிரியர்கள் ஊர் ஊராக ஆள் பிடிக்கப் போக வேண்டும். தலைக்குப் பத்து அட்மிஷன். ஜூன் முடிவதற்குள் பத்து வராவிட்டால், ஜூலையிலிருந்து வருகைப் பதிவேட்டில் அவர்கள் பேர் இருக்காது. வேறு கல்லூரிக்குப் போய்விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வேலைக்குச் சேரும்போது வாங்கிய அசல் சான்றிதழ்கள் எல்லாம் சேர்மன் ஆதிநாராயணன் அறையில் இருந்த பச்சை பீரோவில் பூட்டிக் கிடந்தன.

கணக்குக் காட்டுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். பிள்ளையின் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கையில் பிடித்துக்கொண்டு, ஆசிரியர் கல்லூரி வாசலில் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். அசலாக இருக்க வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. அசல் ஒருமுறை கல்லூரிக்குள் வந்துவிட்டால் பிள்ளையும் வந்துவிடும் என்பது சேர்மன் கண்டுபிடிப்பு.

தேவயானி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். படம் எடுத்து அனுப்புவாள், அசலை மட்டும் ஆபீசில் கொடுக்க மாட்டாள். 'மொத்தமாச் சேர்த்து மாசக் கடைசியில தர்றேன் சார்' என்று சொல்லிவிட்டு, முருகையன் சீட்டுக்கு அடியில் இருந்த டூல்ஸ் பெட்டியில் பிளாஸ்டிக் கவரோடு வைத்துவிடுவாள். பிள்ளைக்கு வேறு நல்ல இடத்தில் சீட்டுக் கிடைத்தால் சத்தமில்லாமல் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். அப்படி இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறாள். முருகையன்தான் ஓட்டிப்போனார். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது கவரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது அவர் பொறுப்பு.

வீரம்மாள் மகள் கலைப்பிரியா பத்தாவது பெயர். மேல்மலையனூருக்கு இந்தப் பக்கம், பஸ் நிற்காத ஊர். அப்பா இல்லை. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எடுத்திருந்தாள். விழுப்புரத்தில் அரசு கல்லூரிக்குக் கணக்குப் பட்டப்படிப்பு கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலந்தாய்வு.

"அங்க கெடைச்சா அங்கதான் போவணும், கேட்டியா?" என்று தேவயானி அந்தப் பெண்ணிடம் நேராகவே சொன்னாள். "கெடைக்கலன்னாத்தான் எங்க காலேஜ். சனிக்கிழமை ஒரு மீட்டிங். அதுல காட்டறதுக்குத்தான் உங்கிட்ட ஒரிஜினல் கேக்கறேன். ஞாயித்துக்கெழமை நானே கொணாந்து குடுத்துடுவேன்."

அவள் செய்த தப்பு அதுதான். பத்து என்ற எண்ணுக்காக அந்தப் பெண்ணிடம் ஐந்து நாளைக்கு இரவல் வாங்கினாள். கலைப்பிரியா யோசித்தாள். வீரம்மாள்தான், "குடு பாப்பா. நம்மளாட்டமே ரேகை வெச்சுதே அந்தம்மா, அது ஏமாத்துமா?" என்றாள்.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை அமாவாசை.

முருகையன் அமாவாசையைத் தவறவிட்டதே இல்லை. விழுப்புரத்திலிருந்து மேல்மலையனூருக்கு விடுகிற சிறப்புப் பேருந்தைப் பிடித்து, அங்காளம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தால்தான் அவருக்கு அந்த மாசம் மாசமாக இருக்கும். புதன் சாயங்காலமே அவருக்கு மனசெல்லாம் கோயிலில் இருந்தது. வண்டியைக் கழுவினார், சாவியை ஆபீசில் மாட்டினார், போய்விட்டார். சீட்டுக்கு அடியில் கவர் இருந்தது.

வியாழக்கிழமை வேனை எடுத்தவன் சுகுமார் என்ற இன்னொரு டிரைவர். கூட்டேரிப்பட்டுத் தாண்டி டயர் பஞ்சர். ஜாக்கி எடுக்கப் பெட்டியைத் திறந்தான். கவரைப் பார்த்தான். யாருடையதோ தொலைந்து கிடக்கிறது என்று நினைத்து நேராகக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிட்டான். அவன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் முருகையன் கோயில் வரிசையில் நின்று, தேவயானி மேடத்துக்குப் பத்து அட்மிஷன் முடிய வேண்டும் என்று அவள் பேரில் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் காலிப் பெட்டியைப் பார்த்ததும் சீட்டுக்கு அடியெல்லாம் கையை விட்டுத் துழாவினார். தேவயானி வந்து ஏறியதும் சொல்லிவிட்டார். "மறந்துட்டேம்மா. சாமி மேல இருந்த ஜாபகத்துல மறந்துட்டேன்."

அவள் காலிப் பெட்டியைத் தானே மூடினாள். "கோயிலுக்குத்தானண்ணே போனீங்க" என்றாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆபீசில் இன்னொன்றும் நடந்தது. கலைப்பிரியாவின் ஃபாரத்தில் ஆசிரியர் கட்டத்தில் ரேகை இருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை செய்கிற பெண், "இன்னாண்ணே இது, மேடத்துக்கு எழுத்து மறந்துபோச்சா?" என்று முருகையனைக் கேட்டாள். அவர் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா அவமானப்படக் கூடாது என்று மேடம் எப்படித் தன் விரலை முதலில் வைத்தாள், ரேகை பார்த்த நம்பிக்கையில் அந்த அம்மா எப்படி அசலை எடுத்துக் கொடுத்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னார். இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது சேர்மன் காதுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை மீட்டிங்குக்கு டிரைவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆதிநாராயணன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தார். தேவயானி எழுந்து நின்றாள்.

"சார், அந்த கலைப்பிரியா சர்டிபிகேட் மட்டும் வேணும் சார். திங்கக்கெழமை அந்தப் பொண்ணுக்கு கவுன்சிலிங்."

"குடுக்கலாமே. மொதல்ல போர்டு கிட்ட போங்க மேடம். மார்க்கெட்டிங்னா இன்னான்னு எழுதுங்க."

எழுதினாள். வாடிக்கையாளரின் தேவையை அறிந்து நிறைவு செய்வது.

"சூப்பர். அதுக்குக் கீழ செல்லிங்."

எழுதினாள். இருப்பதை விற்றுத் தீர்ப்பது.

"இந்த ரெண்டுல உங்களுக்கு சோறு போடறது எது மேடம்?"

அவள் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாய்ல கொழுக்கட்டையா? சரி, நாலு பி சொல்லுங்க."

"புராடக்ட், பிரைஸ், பிளேஸ், புரமோஷன்."

"இதுல நம்ம புராடக்ட் இன்னா?"

"படிப்பு சார்."

"படிப்பா?" அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரிக்க வேண்டியதாயிற்று. "நீங்கதான் மேடம் புராடக்ட். உங்க மூஞ்சி. எப்பப் பாரு அழுவப் போற மாதிரி வெச்சிக்கினு இருக்கீங்களே, அந்த மூஞ்சிக்கு எவளும் பொட்டிச் சாவியைக் கூட கழட்டிக் குடுப்பா. இதுல ரேகை வேற! நாப்பது வருஷம் யாவாரம் பண்ண எனக்கே தோணல அந்த ஐடியா." கை தட்டினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. திங்கக்கெழமைல இருந்து ஒவ்வொருத்தர் பையிலயும் மைப்பெட்டி இருக்கணும். கைநாட்டு கேஸா, மொதல்ல உங்க வெரலை வைங்க. ஒரிஜினல் தானா வரும்."

தேவயானியின் காது மடல் சிவந்துபோனதை முருகையன் பின்வரிசையிலிருந்து பார்த்தார். அந்தக் கதையைச் சொன்ன வாய் தன் வாய் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், அது டெக்னிக் இல்ல" என்றாள் அவள்.

"அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க. டெக்னிக் இல்லாத மாதிரி இருக்கறதுதான் டெக்னிக்கு."

"என் கணக்குல ஒம்பதுன்னே போட்டுக்கோங்க சார். என்னை வேலையை விட்டு எடுத்துட்டாலும் சரி. அந்தப் பொண்ணுது குடுத்துடுங்க."

"போறீங்களா? போங்க. உங்க சர்டிபிகேட்டும் அந்தப் பொண்ணு சர்டிபிகேட்டும் ஒரே பீரோலதான் இருக்கும். ஒண்ணுக்கொண்ணு தொணை." எழுந்துகொண்டார். "போர்டுல எழுதுனதை அழிக்காதீங்க. ஒரு வாரம் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் வீரம்மாளுக்குப் போன் போட்டு, காலையிலேயே கல்லூரிக்கு வந்துவிடுங்கள், இங்கே வாங்கிக்கொண்டு நேராக விழுப்புரம் போய்விடலாம் என்றாள். நேரில் அந்தப் பெண்ணைப் பார்த்தால் சேர்மனுக்கு மனசு இளகும் என்று நம்பினாள். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கலாம் என்றும் நினைத்தாள். அந்த மனுவை ஒருவர் எடுத்துப் படிப்பதற்குள் சீட்டு முடிந்துபோகும்.

திங்கட்கிழமை எட்டரைக்கே அம்மாவும் மகளும் வந்துவிட்டார்கள். கலைப்பிரியா புதுச் சுடிதார் போட்டு, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். முருகையன் வேனை வாசல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். காகிதம் கைக்கு வந்த நிமிஷம் கிளம்ப வேண்டும், அரை மணியில் விழுப்புரம்.

சேர்மன் அறையில் பூஜை நடந்தது. ஒன்பதரை வரைக்கும் மணிச் சத்தம் கேட்டது. பிறகு டிபன். பிறகு போன். தேவயானி கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தாள். பத்தரைக்கு அரசு கல்லூரிக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். அசல் இல்லாமல் முடியாது, ஒரு மணி வரை பார்க்கிறோம், வந்துவிடுங்கள் என்று அங்கே நல்லபடியாகத்தான் சொன்னார்கள்.

பதினொன்றரைக்கு ஆதிநாராயணன் வெளியே வந்தார். வீரம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்கம்மா. சாப்பிட்டீங்களா? உங்க பொண்ணு எங்க பொண்ணு. உங்களுக்காக எங்க மேடம் ரேகையே வெச்சாங்களாமே! இதுக்குன்னே எங்க ஸ்டாஃப்புக்கு டிரெய்னிங் குடுக்கறோம்மா. இப்ப எல்லார்கிட்டயும் மைப்பெட்டி இருக்குது, பாக்கறீங்களா?" பக்கத்தில் நின்ற ஓர் ஆசிரியரைக் கண் காட்டினார். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டே பையிலிருந்து புது மைப்பெட்டியை எடுத்துக் காட்டினான்.

வீரம்மாள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். தேவயானியைப் பார்த்தாள்.

"டிரெய்னிங்கா?" என்றாள். "அன்னைக்கு வெச்சது டிரெய்னிங்காம்மா?"

"இல்லம்மா, நான்..."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனுசாள் மூஞ்சிய படிக்கத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதுவும் தெரியலன்னு காட்டிக் குடுத்துட்ட. நல்லா இரு தாயீ."

கலைப்பிரியா தலையிலிருந்த பூவை எடுத்துக் கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்றரைக்குச் சேர்மன் அவர்களை உள்ளே கூப்பிட்டு, பீரோவைத் தன் கையாலேயே திறந்து, கவரை எடுத்து நீட்டினார். "யாரும்மா புடிச்சி வெச்சா? கேட்டா குடுக்கப் போறோம். எங்க வேணும்னாலும் சேத்துக்கோங்க." அதற்குள் விழுப்புரத்தில் அந்த இடம் வரிசையில் அடுத்து நின்ற பிள்ளைக்குப் போயிருந்தது.

பத்து நாள் கழித்து வீரம்மாள் கம்மலைக் கழற்றிக் கொண்டுபோய் அடகு வைத்து மகளை அதே கல்லூரியில் பி.பி.ஏ. சேர்த்தாள். வேறு இடமில்லை, ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்தால் ஊரார் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். பத்தும் முடித்ததற்காகத் தேவயானிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியபோது அவள் கையைக் கூப்பிக்கொண்டு சிலை மாதிரி நின்றாள் என்று சுகுமார் வந்து சொன்னான். முருகையன் போகவில்லை. அந்த ஆடி அமாவாசைக்கு அவர் மேல்மலையனூருக்கும் போகவில்லை. அம்மனிடம் போய் எந்த வாயால் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கலைப்பிரியா தினமும் அவர் வேனில்தான் வந்தாள். பின்சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் இறங்கிய பிறகு, முன்னால் வந்து நின்று, "அண்ணே, இன்னைக்கு மேடம் பாதி கிளாஸ்ல எழுந்து போயிட்டாங்க" என்றாள்.

"ஏம்மா? உடம்பு சரியில்லையா?"

"ஃபர்ஸ்ட் சாப்டர் எடுத்தாங்க. தேவை, விருப்பம், கிராக்கி. டவுட் இருந்தா கேளுங்கன்னாங்க. நான் கேட்டேன்."

"இன்னா கேட்ட?"

"கணக்கு படிக்கணும்னு எனக்கு இருந்துச்சே, அது தேவையா, விருப்பமா மேடம்னு கேட்டேன். பசங்க சிரிச்சானுங்க. மேடம் சாக்பீஸை வெச்சிட்டுப் போயிட்டாங்க." கதவுக் கம்பியைப் பிடித்தாள். "வேணும்னேதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தேவயானி மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவளுடைய சான்றிதழ்கள் பச்சை பீரோவிலேயே கிடந்தன. கேட்டு வந்த அவள் தம்பியிடம், அந்த வருஷப் பாடத்தை முடித்துக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல் என்றார்கள்.

பிறகு முருகையன் அவளைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திண்டிவனம் பஸ் நிலையத்தில், மரக்காணம் பஸ் நிற்கிற இடத்தில், கையில் கட்டு நோட்டீசோடு நின்றிருந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள், கழுத்தில் வேறொரு கல்லூரியின் அடையாள அட்டை தொங்கியது. மீன்கூடையோடு பஸ் ஏறப்போன ஒரு பெண்ணிடம், வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண், "போம்மா, உனக்கு வேற வேல இல்ல" என்று தள்ளிக்கொண்டு ஏறிப்போனாள்.

"மேடம்" என்றார் முருகையன்.

"முருகையண்ணே!" முகம் மலர்ந்தது. அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனாள். ஒரிஜினல் கையில் இல்லாததால் அங்கே பாதிச் சம்பளம்தான், பத்துக்குப் பதில் பதினைந்து பிடிக்கச் சொல்கிறார்கள் என்று யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள். கலைப்பிரியாவைப் பற்றிக் கேட்டாள். இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டாள், விழுப்புரத்தில் துணிக்கடையில் நிற்கிறாள் என்றார் அவர். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்க பொண்ணு ஆர்த்தி இன்னா பண்ணுது?"

"இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிட்டுதும்மா. முந்தாநாளுதான் ரிசல்ட்டு. நல்ல மார்க்கு."

"நம்ம காலேஜ்ல ஹாஸ்டல் ஃப்ரீண்ணே, பஸ்சும் உண்டு, முதல் வருஷம் ஃபீஸ்ல..." நோட்டீசை உருவிய கை பாதியில் நின்றது. அவள் அதைத் திரும்பக் கட்டுக்குள் செருகினாள். மரக்காணம் பஸ் கிளம்ப ஹாரன் அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலடி ஓடியவள், படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, ஆர்த்தியோட ஒரிஜினலை யார் கேட்டாலும் குடுக்காதீங்க. நாளைக்கு நானே வூடு தேடி வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."